இடது பின்கதவு

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வீட்டில் உள்ளவர்கள் இந்தக் கோபத்தைத்தான் காரணமாகக் காட்டினார்கள். ‘உன்கிட்ட எப்படிச் சொல்றது?’ என்ற ஒரே கேள்வியை ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். கோபம் வருகிறவளிடம் பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று எந்த ஊரில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

தல்லாகுளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருகிற பில்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. போகாத ஊருக்குப் போனதாக டாக்சி பில் வைப்பவர்கள், தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டமாகச் சாப்பிட்டதாக ஹோட்டல் பில் வைப்பவர்கள் எல்லோரும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களில் பலருக்கு என்னைப் பிடிக்காது. ஆனால் நான் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இத்தனை வருட வேலையில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனத்தில் கொஞ்சம் மூத்தவர்களுக்குக் கார் லீஸ் திட்டம் ஒன்று உண்டு. லீஸ் கம்பெனியிடமிருந்து புது வண்டி எடுத்துக் கொடுப்பார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். என் பங்குக்கு ஒரு கருநீல வண்டி வந்தபோது மாமியார், “காருக்கும் ஒத்தி உண்டாக்கும்?” என்று கேட்டார். வீட்டை ஒத்திக்குப் பிடிப்பது அவருக்குத் தெரியும். “காலி பண்ணும்போது செவுத்துல ஆணி அடிச்சிருக்கான்னு பாப்பாகளோ?” என்றும் கேட்டுவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஆணி அடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் செய்வார்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவள் எங்கள் ஆபீசில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓட்டுகிற வண்டியில் சின்னக் கீறல் விழுவது இயல்பு, அதற்குக் காசு கிடையாது. அடிபட்டால் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிற சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். சொல்லாமல் வெளியில் சரிசெய்திருந்தால்தான் வம்பு. அதற்குத் தனியாகக் கட்டணம் போடுவார்கள். ‘பழுது மறைக்கப்பட்டது’ என்று நிறுவனத்துக்கும் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவருக்கு அடுத்த வண்டி கிடையாது. எனக்கென்ன பயம், நான் எதை மறைக்கப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த வண்டியில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். திருநகரில் எங்கள் வீட்டு வாசல் கேட் குறுகல். முன் பம்பரின் வலது ஓரத்தை நானே அந்தக் கேட் தூணில் உரசியிருக்கிறேன். உரசிய அன்றே லீஸ் கம்பெனிக்குப் போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண், “இதுக்கெல்லாம் கால் பண்ண வேணாம் மேடம்” என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் கார் நின்றால் அது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நிற்கிற கார்தான். நிச்சயதார்த்தம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, திருமங்கலத்தில் பத்திரப்பதிவு என்று கேட்டு வருவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்வேன். “என்ன ஆனாலும் சொல்லிருங்க.” அவர்களும் சொன்னார்கள். பின்சீட்டில் பிள்ளை வாந்தி எடுத்ததைச் சொன்னார்கள். டயரில் ஆணி ஏறியதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு கட்டு முருங்கைக்காயோ டிக்கியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே எல்லாவற்றையும் சொல்கிறார்கள் என்று நம்பினேன்.

லீஸ் முடிந்தது. ரிங் ரோட்டில் அந்தக் கம்பெனியின் யார்டு இருக்கிறது, வண்டியை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். கணவர் கூட வந்தார். எங்கள் நிறுவனத்தின் நிர்வாக மேலாளரும் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வண்டிக்கு என் பெயர் போகும். வண்டியைச் சோதிக்க வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம், மரியாதையாகப் பேசினார். அவர் தேடுவதற்கு முன்பே நானே சுற்றி வந்து காட்டினேன். “இது எங்க வீட்டுத் தூண்ல உரசுனது. இது மாட்டுத்தாவணி பார்க்கிங்ல எவனோ கதவைத் திறந்து இடிச்சது. இந்தக் கண்ணாடியில ஒரு கல்லு தெறிச்சிருக்கு பாருங்க.” அவர் குனிந்து பார்த்து, “இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம்” என்றார். மேலாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்த மனிதர் பையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவியை எடுத்தார். பெயிண்ட் எத்தனை கனம் என்று அது சொல்லுமாம். வண்டியின் ஒவ்வொரு பாகத்திலும் வைத்து வைத்து எடுத்தார். இடது பின்கதவில் வைத்தவர் நின்றார். கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி முதல் இடத்திலேயே வைத்தார்.

“இந்த டோர் ரீபெயிண்ட் பண்ணியிருக்கு மேடம்” என்றார். “உள்ள பட்டி பூசியிருக்கு. வெளிப் பட்டறை வேலை.”

“இருக்காது” என்றேன்.

“மிஷின் காட்டுது மேடம்.”

“உங்க மிஷினைச் சரி பண்ணுங்க முதல்ல.”

அவர் பொறுமையாக மற்றக் கதவுகளில் வைத்துக் காட்டினார். எல்லாம் ஒரே அளவு. இந்தக் கதவில் மட்டும் எண் எங்கோ ஏறி நின்றது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. “அப்படின்னா நீங்கதான் அடிபட்ட வண்டியப் புதுசுன்னு சொல்லி என் தலையில கட்டியிருக்கீங்க” என்றேன். “அன்னைக்கே நான் இந்த மிஷினைக் கொண்டு வந்திருக்கணும்.” மேலாளர், “மேடம், மெதுவா” என்றார். நான் மெதுவாகப் பேசவில்லை. கட்டணத்தை நினைத்துப் பேசவில்லை. அது என் சம்பளத்தில் பெரிய ஓட்டைதான், இருந்தாலும் அடைத்துக்கொள்ளலாம். ஊரார் பொய்க் கணக்கையெல்லாம் திருப்பி அனுப்புகிற என்னை, என் மேலாளருக்கு முன்னால் வைத்து, மறைத்தவள் என்று எழுதப்போகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கணவரைப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்க. இந்தக் கதவை நாம எங்கயாச்சும் குடுத்தமா?”

அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “விடு. கட்டிட்டுப் போயிருவோம்” என்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான். காய்காரர் எடை குறைத்துப் போட்டாலும் ‘விடு’ என்பவர். அந்த ‘விடு’தான் இது என்று நினைத்தேன்.

“எதுக்கு விடணும்? செய்யாததுக்கு எதுக்குக் கட்டணும்?” என்று அந்த மனிதரிடம் திரும்பினேன். “தம்பி, என் பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன். இந்தக் கதவுல யாரும் கை வைக்கல.”

எங்கள் பக்கத்தில் சாமி மேல் சத்தியம் செய்வார்கள், கண் மேல் செய்வார்கள், கற்பூரம் அடிப்பார்கள். பெற்ற பிள்ளை மேல் லேசில் செய்யமாட்டார்கள். செய்துவிட்டால் எதிரில் இருப்பவர் அதற்கு மேல் பேசக்கூடாது. நான் அதுவரை யாருக்காகவும் எதற்காகவும் மகள் மேல் சத்தியம் செய்ததில்லை. மேலாளர் பதறிப்போய், “ஐயோ, அதெல்லாம் எதுக்கு மேடம்” என்றார். அந்த மனிதரும் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டார். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி மேலே அனுப்புகிறேன், பார்த்துச் சொல்வார்கள் என்றார். கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் உசிலம்பட்டி பக்கம் ஊரில் விவசாயம் பார்க்கிறான். வக்கீல் பழக்கம் உண்டு. நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டு அந்தக் கம்பெனியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்பது என் திட்டம். கதவு, கருவி, பட்டி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

“என்னடா, இருக்கியா?”

“இருக்கேன்க்கா” என்றான். “எந்தக் கதவு?”

“இடது பக்கம், பின்னாடி.”

“அக்கா… மச்சான் உன்கிட்ட சொல்லலையா?”

“என்னத்தச் சொல்லல?”

“கிடா முட்டுனது.”

மகளுக்கு நாங்கள் தாமதமாகத்தான், வண்டி வந்த மறு வருடம், காது குத்தினோம். திருமங்கலம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் விசேஷம். தாய்மாமன் சீர் கொண்டுவரத் தம்பிக்குத்தான் உரிமை. தட்டு தட்டாகப் பழம், துணி, நகை, கொட்டு மேளம், இவற்றோடு மாலை போட்ட சீர்க்கிடாய் ஒன்று. ஊர்வலத்துக்கு முன்னால் கார் வந்தால் கெத்தாக இருக்கும் என்று எங்கள் வண்டியைத்தான் கேட்டு வாங்கிப் போனான். அன்று காலையில் அவனே அதைக் கழுவி, துடைத்து, மெழுகு போட்டு முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தான். அதுவரை எனக்குத் தெரியும். மிச்சத்தை அவன் இப்போதுதான் சொன்னான்.

மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டு, பெண்கள் தட்டை எடுத்து வரிசை கட்டும்வரை கிடாயைப் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். மேளம் அடித்திருக்கிறது. கிடாய் திரும்பிப் பார்த்தால், பளபளவென்ற கதவுக்குள் இன்னொரு கிடாய், அதுவும் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. பின்னால் போய் ஓடிவந்து ஒரு முட்டு. எதிரில் இருந்ததும் விடாமல் முட்டவே, மறுபடி ஒரு முட்டு. கயிற்றை இழுத்துப் பிடிப்பதற்குள் கதவு உள்ளே போய்விட்டது. நான் அப்போது மண்டபத்துக்குள் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் ஒரே சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. சீர் வந்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

“நான் அன்னைக்கே சொல்லணும்னேன்க்கா. மச்சான்தான் வேணாம்னாரு” என்றான் தம்பி. “பாத்திரம் ஏத்திட்டுப் போகணும்னு உன்கிட்டச் சொல்லி வண்டிய அப்படியே என்கூட அனுப்பிட்டாரு. ரெண்டு நாள்ல மாமா பையன் பட்டறையிலயே தட்டிப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தோம். அப்புறமாச்சும் அவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். வீடியோகூட இருக்கே, நீ பாக்கலையா?”

“எந்த வீடியோ?”

எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸப் குரூப் ஒன்று உண்டு. காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும் போடுவார்கள், நானும் அதில் இருக்கிறேன். நான் இல்லாத இன்னொரு குரூப்பும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடியோ அதில் போயிருக்கிறது. தம்பி எனக்கு அனுப்பிவைத்தான். பார்த்தேன். கிடாய் நிஜமாகவே வேடிக்கையாகத்தான் முட்டியது. வேறு யார் காராக இருந்தாலும் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கூட்டத்தில் என் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பட்டுப்பாவாடையில் என் மகள் கைதட்டிக் குதிக்கிறாள். கடைசியில் ஒரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறது: “அவகிட்ட யாரும் சொல்லிராதீக.” என் கணவரின் குரல்.

அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. செல்லமாகத்தான் சொல்லியிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சுற்றி இருந்த எல்லோரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, என்னை மட்டும் அந்தப் பக்கம் நிறுத்திய குரல் அது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிற்பாடு ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் மகன், “கிடா வருது, காரையெல்லாம் தள்ளி நிப்பாட்டுங்கப்பா” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே, கூட்டத்தோடு சிரித்தேன். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள் என்பது இப்போது புரிகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு சித்தப்பா என் வண்டியின் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, “வேலை சுத்தமா இருக்கு” என்றார். கம்பெனி வேலையைச் சொல்கிறார் என்று நினைத்து, “ஆமா சித்தப்பா, நல்ல வண்டி” என்று பதில் சொன்னேன். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

சாயங்காலம் கணவர் வந்தார். போனை அவர் முன்னால் வைத்து வீடியோவை ஓடவிட்டேன். முடியும்வரை பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நல்ல காரியம்” என்றார். “உன்கிட்டச் சொல்லியிருந்தா மண்டபத்துலயே உன் தம்பியக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்ப.”

“கிழிச்சிருப்பேன். அரை மணி நேரம் கத்தியிருப்பேன். அப்புறம் இன்சூரன்ஸுக்குப் போன் பண்ணியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்.”

“அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நாளு போயிருச்சு.”

“சரி. இன்னைக்கு யார்டுல? உங்க மூஞ்சியப் பாத்துத்தான கேட்டேன்?”

“அந்த மேனேஜர் முன்னாடி எப்படிச் சொல்றது? ஆடு முட்டுச்சு, நாங்க மறைச்சுட்டோம்னா? எனக்கு அசிங்கமா இருக்காதா?”

“எனக்கு?”

சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

“பிள்ளை மேல சத்தியம் பண்ணேனே, அப்பவாச்சும் என் கையப் பிடிச்சிருக்கலாம்ல?”

“நீ பட்டுன்னு பண்ணிருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ள போன் வந்துருச்சு” என்றார். எந்தப் போனும் வரவில்லை என்பது அவர் அதைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நான் அதைக் கிளறவில்லை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரைப் பற்றி நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கோபமே வராது, பொய்யே வராது என்று. கோபம் வராதவருக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வரும் என்பதை அன்று பார்த்தேன். என் கத்தலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னார். ஆனால் யார்டில் அவர் பயந்தது எனக்கல்ல, தன் மானத்துக்கு. அந்த மானத்தைக் காப்பாற்ற என் மானத்தையும் மகள் பெயரையும் முன்னால் தள்ளிவிட்டு வாசல் பக்கம் நடந்துபோனார். அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்தாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவர் பயந்தார்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். நாங்கள் பேசியதை உள்ளறையிலிருந்து கேட்டிருக்கிறாள்.

“அம்மா, என் மேல சத்தியம் பண்ணியா?”

“ஆமா.”

“அது பொய்ச் சத்தியம் ஆயிருச்சுல்ல?”

“அம்மாவுக்கு அப்போ தெரியாதுடா.”

“தெரியாமப் பண்ணாலும் அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமாம். எங்க கிளாஸ்ல சொன்னாக.” புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். “எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும்மா.”

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சீப்பைப் போட்டுவிட்டு என் கை அவள் நெற்றிக்குத்தான் போனது. காய்ச்சல் இல்லை. அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“நானாச்சும் உன்கிட்டச் சொல்லியிருக்கணும். அப்பாதான் சொல்லக்கூடாதுன்னாரு. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாரு” என்று அழுதாள். காது குத்தியபோது அழுததைவிட அதிகமாக அழுதாள்.

அந்த வயதுப் பிள்ளையிடம் ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இத்தனை காலமாக அவள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் மடியில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். கதவையாவது தட்டிப் பெயிண்ட் அடித்துவிடலாம். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தேன். யார்டுக்குப் போய்ச் சத்தியத்தைத் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். “போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? பேசாமக் காசைக் கட்டிட்டா முடிஞ்சுபோச்சு” என்றார்.

“காசுக்காக இல்ல. நான் சத்தியம் பண்ணேன், அது தப்புன்னு அவர்கிட்டச் சொல்லணும். நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்லணும். கிடா முட்டுச்சு, என் வீட்டுக்காரிக்குத் தெரியாது, நான்தான் மறைச்சேன்னு நீங்க சொல்லணும். பிள்ளையும் வந்து கேக்கட்டும்.”

கடைசியில், “சரி, சொல்றேன்” என்றார். உண்மையைச் சொன்னால், அந்த ‘சரி’யில் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எனக்கு வேண்டியது அந்த மூன்று வாக்கியங்கள்தான்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்கூட்டரில் போனோம். எங்கள் வண்டி யார்டின் ஓரத்தில் மற்ற வண்டிகளோடு தூசி படிந்து நின்றது. மகள் அந்தக் கதவைப் பார்க்காமல் என் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தாள். சோதனை செய்த அதே மனிதர்தான் இருந்தார். என்னைக் கண்டதும் மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று எழுந்து நின்றார். “ரிப்போர்ட் உங்க ஆபீசுக்குப் போயிருச்சு மேடம். இனிமே மாத்த முடியாது” என்றார்.

“மாத்த வேணாம் தம்பி. என் வீட்டுக்காரர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்று நான் ஒதுங்கி நின்றேன்.

கணவர் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அது வந்து தம்பி, ஒரு விசேஷத்துல லேசா இடிச்சிருச்சு. அப்பவே வெளியில குடுத்துச் சரி பண்ணிட்டோம்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “இவளுக்கு மறந்துபோச்சு. ஆபீஸ் வேலை டென்ஷன்ல…” என்றார்.

அந்த மனிதருக்கு முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பி, மிகவும் தன்மையாக, “பரவால்ல மேடம். நிறையப் பேருக்கு மறந்துரும். சத்தியமெல்லாம்கூடப் பண்ணுவாங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கிறதில்ல” என்றார்.

என் சத்தியத்தை அவர் அன்றைக்கும் நம்பியிருக்கவில்லை. நம்பியது போல் கருவியைப் பைக்குள் வைத்தது மரியாதைக்காக. அது வலித்தது. ஆனால் அவர் யாரோ. இவர் என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவர். தன் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ளச் சொல்லி அழைத்து வந்தேன். அதையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்கு மறக்கல தம்பி” என்றேன். கத்தவில்லை. “எனக்குத் தெரியவே தெரியாது. கிடா முட்டுன அன்னைக்கு நான் உள்ள இருந்தேன். வெளிய இருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும். என்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொன்னது இவர்தான். நான் உங்ககிட்டச் சத்தியம் பண்ணப்பவும் பக்கத்துலதான் நின்னாரு. நான் பண்ணது பொய்ச் சத்தியமாப் போச்சு. அதை நான் திருப்பி வாங்கிக்கிறேன். மிஷின் காட்டுனதுதான் சரி.”

அந்த மனிதர், “தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கணவர் அதற்குள் வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டணம் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ‘பழுது மறைக்கப்பட்டது’ என்ற வரி என் பெயருக்கு எதிரில் இருக்கிறது. அடுத்த கார் வரவில்லை. ஆபீசில் ஒருவர், அவருடைய டாக்சி பில்லை நான் திருப்பி அனுப்பியபோது, “மேடம், கிடா ஏதும் முட்டிருச்சா?” என்று கேட்டார். யார்டிலிருந்து மேலாளருக்குப் போனதோ, அவர் யாரிடம் சொன்னாரோ, எப்படிப் பரவியதோ தெரியாது. இவை எல்லாம் பின்னால் நடந்தவை, இவற்றையெல்லாம் சமாளித்துக்கொண்டேன்.

அன்று யார்டு வாசலில் மகள் என் புடவையை இழுத்தாள்.

“இப்பச் சரியாயிருச்சாம்மா?”

குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். “உனக்குச் சரியாயிருச்சு” என்றேன்.

அவள் நிம்மதியாக ஓடிப்போய் அப்பாவுக்கு முன்னால் ஏறி நின்றுகொண்டாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். “பிடிச்சுக்க” என்றார் அவர். எப்போதும் அவர் தோளைத்தான் பிடித்துக்கொள்வேன். அன்று சீட்டுக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று கையை விட்டுத் தேடினேன். இருந்தது.